முதல் வகுப்பின் வயது

டேக்வாண்டோ கற்கப் போகும் ஒருவருக்கு முதல் நாளில் நடப்பது எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளை உடுப்பு, வெள்ளை பெல்ட். கூடத்துக்குள் நுழைந்ததும் கொடியைப் பார்த்து ஒரு வணக்கம். மூத்த மாணவர்கள் முன்வரிசையில், புதியவர் கடைசியில். ஹனா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணிக்கை. கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி நின்று ஒரு குத்து. முன்கையைக் கீழ்நோக்கி இறக்கி ஒரு தடுப்பு. முழங்காலைத் தூக்கி நேராக ஓர் உதை. சில மாதங்களில் இவற்றைக் கோத்து அமைத்த முதல் பூம்சே, ஒரு தேர்வு, அடுத்த நிற பெல்ட். பல கூடங்களில் இதோடு ஒரு வரலாறும் புதியவருக்குச் சொல்லப்படுகிறது: இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கொரியக் கலை என்று. அந்த வரலாற்றைச் சோதிக்க முதல் வகுப்பையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். அதன் அமைப்பில் உள்ள ஒவ்வொன்றும் எப்போது, யாரால், எதற்காக உள்ளே வந்தது என்று தேடினால், பழைய கூறுகள்கூட 1880களைத் தாண்டிப் பின்னால் போவதில்லை. பெரும்பகுதி 1944க்கும் 1973க்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் உருவானது. இப்படிச் சொல்வதால் அந்தக் கலை சிறுத்துவிடாது. ஒன்றும் தெரியாத ஒருவருக்கு, ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு, உலகின் எந்த மூலையிலும் ஒரு சண்டைக்கலையை எப்படித் தொடங்கிவைப்பது என்ற கேள்விக்குக் கொரியர்கள் கண்ட விடைதான் டேக்வாண்டோவின் மிகப் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன்.

பழமைக்குச் சொல்லப்படும் சான்றுகளை முதலில் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். இன்று சீனாவின் ஜிலின் மாகாணத்தில் உள்ள ஜீயான் நகரத்தில் கோகுர்யோ அரசின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் நடனக் கல்லறை என்று அழைக்கப்படும் மூயோங்சோங்கில், இரண்டு ஆண்கள் கைகளை நீட்டி எதிரெதிரே நிற்கும் ஓவியம் ஒன்று உண்டு. சில்லா அரசில் ஹ்வாராங் என்ற உயர்குடி இளைஞர் படை இருந்தது. 1145இல் கிம் பூ-சிக் தொகுத்த சம்குக் சாகி என்ற வரலாற்று நூல் அவர்களைப் பற்றிப் பேசுகிறது. சோகுராம் குகைக் கோயிலின் வாயிற்காவலர் சிற்பங்கள் கையை ஓங்கி நிற்கின்றன. 1790இல் ஜோங்ஜோ மன்னரின் ஆணைப்படி உருவான மூயே தோபோ தோங்ஜி என்ற போர்ப்பயிற்சி நூல் 24 பயிற்சிகளைப் படங்களோடு விளக்குகிறது; அவற்றுள் ஒன்று வெறுங்கைச் சண்டை. இவை அனைத்தும் உண்மையானவை, கொரியர்கள் பெருமைப்படத்தக்கவை. ஆனால் அவை எதை நிறுவுகின்றன? ஓவியத்தில் இருப்பவர்கள் சண்டையிடுகிறார்களா, ஆடுகிறார்களா, மல்லுக்கு முன் நிற்கிறார்களா என்பதே விவாதத்துக்குரியது. சம்குக் சாகி ஹ்வாராங் இளைஞர்களின் ஒழுக்கத்தையும் இசையையும் மலை, ஆறு தேடிய பயணங்களையும் சொல்கிறது. அவர்கள் எப்படி உதைத்தார்கள் என்று சொல்லவில்லை. 1790ஆம் ஆண்டு நூலின் வெறுங்கைப் பகுதி பெருமளவுக்கு மிங் காலச் சீனத் தளபதி சீ ஜிகுவாங்கின் நூலைப் பின்பற்றியது. கொரியர்கள் பழங்காலத்திலும் வெறுங்கையால் சண்டையிட்டார்கள் என்பதை இவை காட்டுகின்றன. அதை யாரும் மறுக்கவில்லை. ஒரு கலைக்கு மரபு என்று சொல்ல, ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறிய தொடர்ச்சி வேண்டும். கல்லறைச் சுவரிலிருந்து இன்றைய கூடத்துக்கு அப்படி ஒரு சங்கிலி கிடைக்கவில்லை.

அந்தச் சங்கிலிக்கு மிக நெருக்கமாக வருவது டேக்கியோன். சறுக்கி அசையும் கால்நடையும் எதிராளியைத் தள்ளிவிடும் உதைகளும் கொண்ட இந்த ஆட்டம், ஜோசன் அரசின் இறுதிக்காலம் வரை சியோலின் குடியிருப்புப் பகுதிகளில் திருவிழாக்களின்போது போட்டியாக நடந்தது. ஜப்பானியக் காலனி ஆட்சியில் மங்கிப்போன அதை ஏறக்குறையத் தனியொருவராகக் காப்பாற்றியவர் 1893இல் பிறந்த சோங் தோக்-கி. அவர் இளமையில் இம் ஹோ என்ற மூத்த ஆட்டக்காரரிடம் கற்றவர். அந்த உலகத்தில் புதியவர் எப்படித் தொடங்கினார் என்பதுதான் இங்கே முக்கியம். உடுப்பு இல்லை, பெல்ட் இல்லை, படிநிலை இல்லை, மனப்பாடம் செய்யும் அசைவு வரிசை இல்லை. பார்த்து, கூடவே ஆடி, விழுந்து எழுந்து கற்றார்கள். 1983இல் தென்கொரிய அரசு டேக்கியோனை 76ஆம் எண்ணுள்ள பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2011இல் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அரசின் அங்கீகாரத்துக்காக அந்த ஆட்டத்தை வகைப்படுத்தி, வரிசைப்படுத்தி, பாடத்திட்டமாக ஆக்கும் வேலையை ஷின் ஹான்-சுங் செய்ய வேண்டியிருந்தது. உண்மையிலேயே பழமையான கொரியக் காலாட்டம்கூட, இருபதாம் நூற்றாண்டில் நிலைக்கவேண்டுமானால் தொடக்கநிலை மாணவருக்கென ஒரு வாசலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. டேக்வாண்டோவின் முதல் வகுப்பு டேக்கியோனிலிருந்து வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த வகுப்பின் வேர்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன: டோக்கியோவிலும் ஒகினாவாவிலும். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ ஒரு கல்வியாளர். பழைய ஜூஜுட்சு பள்ளிகளில் ஆசிரியர் விரும்பியபோது தரும் ஓரிரு உரிமச் சுருள்கள்தான் இருந்தன. ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கும் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. கோ என்ற பலகை விளையாட்டில் வழக்கிலிருந்த டான் படிநிலையைக் கானோ எடுத்துக்கொண்டு 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் டான் வழங்கினார். டான் பெற்றவர்கள் கறுப்பு பெல்ட் கட்டும் வழக்கமும் அந்தப் பத்தாண்டில் தொடங்கியது. ஒகினாவாவில் இதோசு அங்கோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். அதுவரை ஒருசிலருக்கு மட்டும் தனியே கற்பிக்கப்பட்ட கலையை, வரிசையாக நிற்கும் சிறுவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. அதற்காகவே கட்டா எனப்படும் நீண்ட அசைவு வரிசைகளிலிருந்து பின்ஆன் என்ற ஐந்து எளிய கட்டாக்களை அவர் அமைத்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுவந்தபோது, கானோவின் உடுப்பு முறையையும் டான் முறையையும் ஏற்றுக்கொண்டார். வரிசை, உடுப்பு, பெல்ட், எண்ணிக்கைக்கு ஒரு குத்து, எளிய முதல் கட்டா என்று இன்றைய தொடக்க வகுப்பின் எலும்புக்கூடு 1920களின் நடுவில் டோக்கியோவின் பல்கலைக்கழகக் கராத்தே மன்றங்களில் தயாராகிவிட்டது.

அந்த மன்றங்களில் கொரிய மாணவர்களும் இருந்தார்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி; உயர்கல்விக்கு வசதியிருந்தவர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். லீ வொன்-குக், ரோ பியோங்-ஜிக் இருவரும் ஃபுனாகோஷியிடம் கற்றுத் திரும்பி 1944இல் கூடங்களைத் திறந்தார்கள். லீயின் சுங்தோ குவான் சியோலில், ரோவின் சோங்மூ குவான் கேசோங்கில். விடுதலையை ஒட்டி ஹ்வாங் கீ மூதோக் குவானையும், சோன் சாங்-சோப் பின்னாளில் ஜிதோ குவானாக மாறிய கூடத்தையும், மஞ்சூரியாவில் சீனச் சண்டைக்கலையும் ஜப்பானில் கராத்தேயும் கற்ற யூன் பியோங்-இன் சியோல் ஒய்எம்சிஏவில் ஒரு பிரிவையும் தொடங்கினார்கள். குவான் எனப்படும் இந்த ஐந்து கூடங்களில் சேர்ந்த புதியவர் பெரும்பாலும் கற்றது பின்ஆன் கட்டாக்களைத்தான். கொரிய உச்சரிப்பில் அவை பியோங்ஆன். கலைக்கு வைத்த பெயர்களும் டாங்சூடோ, கோங்சூடோ, குவோன்போப் என்று கூடத்துக்குக் கூடம் வேறுபட்டன. 1950இல் போர் வந்தது. சோன் சாங்-சோப்பும் யூன் பியோங்-இன்னும் அந்தப் போரில் சியோலிலிருந்து மறைந்தார்கள். ஆசிரியரை இழந்த மாணவர்கள் கலைந்து, மறுபடி கூடி, புதுப் பெயர்களில் கூடங்களை எழுப்பினார்கள். டேக்வாண்டோவின் தொடக்ககால வரலாறு இப்படிப்பட்ட இளைஞர்களின் வரலாறு. அடிமைப்படுத்திய நாட்டிலிருந்து வந்த கலையைத் தங்கள் கலையாக மாற்ற வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. அந்த மாற்றம் தொடக்க வகுப்பில்தான் மிக வெளிப்படையாக நடந்தது.

அதை முதலில் துணிந்து செய்தவர் இராணுவ அதிகாரி சோய் ஹோங்-ஹி. ஜப்பானில் படித்தபோது கராத்தே கற்ற அவர், நாம் தே-ஹியுடன் சேர்ந்து இராணுவத்துக்குள் ஓதோ குவானை அமைத்தார். 1955இல் டேக்வாண்டோ என்ற பெயர் ஏற்கப்பட முன்னின்றார். அவர் புதிய அசைவு வரிசைகளை அமைக்கத் தொடங்கினார். பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 24 ஆனது. வெள்ளை பெல்ட் மாணவர் கற்கும் முதலாவது சோன்-ஜி: வானமும் பூமியும். 19 அசைவுகள். அடுத்தது, கொரியாவை நிறுவியதாகப் புராணம் சொல்லும் தான்-குன். மூன்றாவது, விடுதலை இயக்கத் தலைவரும் கல்வியாளருமான ஆன் சாங்-ஹோவின் புனைபெயரான தோ-சான். பிறகு சில்லா காலத் துறவி வொன்-ஹ்யோ, பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் யுல்-கோக். அதற்கடுத்தது ஜூங்-குன்: 1909இல் ஜப்பானிய அரசியல் தலைவர் இதோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்று மறு ஆண்டு தூக்கிலிடப்பட்ட ஆன் ஜூங்-குன். அதன் 32 அசைவுகள் அவர் இறந்த வயதைக் குறிக்கின்றன. அசைவுகளின் கட்டமைப்பில் கராத்தேயின் சாயல் தெரியும். யாரும் அதை மறைக்க முடியாது. ஆனால் அவற்றை மாணவர் கற்கும் வரிசை ஒரு நாட்டின் வரலாற்றுப் பாடமாகிவிட்டது. காலனிப் பள்ளியில் கொரிய மொழிகூட ஒதுக்கப்பட்ட காலத்தைக் கடந்துவந்த தலைமுறை, தன் சிப்பாய்களுக்குத் தன் வீரர்களின் பெயர்களை உடம்பால் மனப்பாடம் செய்ய வைத்தது. 1962இல் சோய் தூதராக மலாயா போனபோது இந்தக் கலையும் கூடவே போனது. அதே காலத்தில் நாம் தே-ஹி வியட்நாமில் தென் வியட்நாம் படையினருக்குக் கற்பித்தார். பின்னாளில் சோயின் பாடத்தைக் கற்றவர் எந்த மொழி பேசினாலும் சோன்-ஜியிலிருந்தே தொடங்கினார்.

இராணுவத்துக்கு வெளியே வேலை இன்னும் கடினமாக இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு குவானுக்கும் தனி ஆசிரியர், தனிப் பாடம், தனிப் பெருமை. 1961இல் பார்க் சுங்-ஹியின் இராணுவ ஆட்சி வந்த பிறகு குவான்கள் ஒரே சங்கத்துக்குள் வரும்படி அழுத்தம் கூடியது. 1965இல் அந்தச் சங்கம் கொரிய டேக்வாண்டோ சங்கம் என்ற பெயரை எடுத்தது. 1966இல் சோய் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார்; ஆட்சியோடு மோதி 1972இல் கனடாவுக்குப் போனார். அதற்குள் 1971இல் கிம் உன்-யோங் சங்கத் தலைவராகியிருந்தார். 1972 நவம்பரில் சியோலில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் எழுந்தது. 1973 மே மாதம் அங்கேயே முதல் உலகப் போட்டியும் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பின் பிறப்பும் நடந்தன. இந்த நிறுவனங்களின் நிழலில் நடந்த ஒரு சிறிய வேலையை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன்: தொடக்கநிலை மாணவருக்கான பாடம் மறுபடி எழுதப்பட்டது. 1967இல் வந்த பால்குவே பூம்சேக்கள் பியோங்ஆன் கட்டாக்களின் தாழ்ந்த நிலைகளை இன்னும் சுமந்திருந்தன. 1970களின் தொடக்கத்தில் வந்த எட்டு தேகுக் பூம்சேக்கள் வேறு வழியில் போயின. தேகுக் ஒன்று, பெரும்பாலும் நடக்கும்போது நாம் இயல்பாக வைக்கும் அளவிலேயே காலை வைத்து நிற்கச் சொல்கிறது. கீழ்த் தடுப்பு, நடுத் தடுப்பு, மேல் தடுப்பு, குத்து, நேர் உதை, அவ்வளவுதான். மாணவர் தரையில் நடக்கும் கோடுகள், வானத்தைக் குறிக்கும் மூன்று கோட்டுக் குறியின் வடிவம். அந்தக் குறி தென்கொரியக் கொடியின் மூலையிலும் இருக்கிறது. இடுப்பு வளையாத நடுத்தர வயதினரும் ஏழு வயதுச் சிறுமியும் முதல் வாரத்திலேயே செய்யத்தக்க அளவுக்குப் பாடம் எளிமையாகிவிட்டது. சங்கத்துக்குள் வந்த குவான்கள் ஒரே முதல் பாடத்தை ஏற்றுக்கொண்டது எந்தச் சங்கத் தீர்மானத்தையும்விடப் பெரிய ஒருமைப்பாடு.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: அப்படியானால் டேக்வாண்டோ பெயர் மாற்றிய கராத்தேதானே? 1944க்கும் 1955க்கும் இடையில் நின்று பார்த்தால் பெருமளவுக்கு ஆம். ஸ்டீவன் கேபனர், ஊடோ மோனிக் போன்ற ஆய்வாளர்கள் இதைத் தயக்கமின்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கலையின் அடையாளம் அது எங்கிருந்து வந்தது என்பதோடு முடிந்துவிடுவதில்லை; வந்த பிறகு அதை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1960களில் கொரியர்கள் மார்புக் கவசம் அணிந்து முழு வேகத்தில் மோதும் போட்டியை வளர்த்தார்கள். முகத்தில் குத்தக் கூடாது, ஆனால் தலைக்கு உதைக்கலாம் என்ற விதி, கால்களை ஆளவைத்தது. கைகளைத் தொங்கவிட்டு, குதிகாலைத் தூக்கி, துள்ளிக்கொண்டே நின்று, பின்காலைச் சுழற்றித் தலைக்கு உதைக்கும் பாணியைக் கராத்தேயிலோ பழைய டேக்கியோனிலோ காண முடியாது. அது போட்டிக் களத்தில் வீரர்களே கண்டுபிடித்தது. 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குகளில் காட்சிப் போட்டியாகவும் 2000 சிட்னியில் பதக்கப் போட்டியாகவும் உலகம் பார்த்தது இந்தப் பாணியைத்தான். எனவே இன்றைய தொடக்க மாணவர் ஒரே மணி நேரத்தில் இரண்டு வரலாறுகளைக் கற்கிறார்: பூம்சேயில், ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வழியாக வந்த தடுப்பையும் குத்தையும், உதைப் பயிற்சியில், 1960களுக்குப் பிறகு கொரியக் களங்களில் பிறந்த கால்வீச்சை. பூம்சேயில் கற்பது சண்டைப் பயிற்சியில் ஏன் பயன்படவில்லை என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். அவர்களுக்கு வரலாற்றை உள்ளபடி சொல்லியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

இரண்டாவது எதிர்வாதம் கடுமையானது. தொடக்க மாணவருக்காகவே எல்லாவற்றையும் எளிதாக்கியதால் கலை நீர்த்துப்போனது. நிற நிறமான பெல்ட்டுகள் கட்டணம் வசூலிக்கும் கருவிகள். கொரியாவிலேயே முதல் டானை ஓராண்டை ஒட்டிப் பெற்றுவிட முடிகிறது என்றால் அதற்கு என்ன மதிப்பு என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. நிற பெல்ட்டுகளைப் பரவலாக்கியவராகப் பொதுவாகச் சொல்லப்படும் கவாயிஷி மிகினோசுகே 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்தவர். விரைவில் முன்னேற்றத்தைக் காண விரும்பிய மாணவர்களைத் தக்கவைக்க அது உதவியது. 1960களில் அமெரிக்க நகரங்களில் கூடம் திறந்த கொரிய ஆசிரியர்களுக்கு வாடகை கட்டும் கவலை இருந்தது. ஒவ்வொரு தேர்வுக்கும் பணம் வாங்கி, தகுதி பாராமல் பெல்ட் தரும் கூடங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் படிநிலை இல்லாத பழைய முறையை நாம் பொற்காலமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஆசிரியரின் வீட்டுக்குள் நுழையவே சிபாரிசு தேவை. பெண்களுக்கும், நோஞ்சான் பிள்ளைகளுக்கும், தினமும் பல மணி நேரம் ஒதுக்க முடியாத உழைப்பாளிகளுக்கும் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. இன்று கொரியக் கூடங்களை நிறைப்பவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு டானுக்குப் பதிலாகப் பூம் என்ற தனித் தகுதியைக் குக்கிவோன் வைத்திருக்கிறது. கறுப்பும் சிவப்பும் கலந்த பெல்ட் அதன் அடையாளம். பிள்ளையின் திறமையை ஒப்புக்கொண்டு, பெரியவரின் தகுதியோடு அதைக் குழப்பாமல் வைத்த ஏற்பாடு அது. கானோவின் முறையிலும் முதல் டான் என்பது அடிப்படையைக் கற்றுமுடித்தவர் என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்யவில்லை. அதை உச்சமாகக் காட்டி விற்றவர்களின் தவறை முறையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

மூன்றாவது எதிர்வாதத்தை நான் அனுதாபத்தோடு அணுகுகிறேன். இரண்டாயிரம் ஆண்டுக் கதை யாருக்கும் தீங்கு செய்யவில்லை, மாணவருக்கு ஊக்கம் தருகிறது, ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் தன்மானத்தைக் காத்தது என்பார்கள். 1950களின் கொரியாவுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது என்பதை ஏற்கலாம். பிழைத்து எழுந்த நாடு தன் இளைஞர்களிடம், எஜமானனிடமிருந்து கடன் வாங்கியதைப் பயிலுங்கள் என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் 2018இல் டேக்வாண்டோவைச் சட்டப்படி தேசியச் சண்டைக்கலையாக அறிவித்திருக்கும் நாட்டுக்கு, இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் சங்கங்கள் உள்ள கலைக்கு, இனி அந்த ஊன்றுகோல் வேண்டாம். அது தீங்கும் செய்கிறது. பெயர் தெரியாத ஹ்வாராங் வீரர்களுக்குப் பெருமை கொடுக்கப்படும்போது, பெயர் தெரிந்த லீ வொன்-குக்கும் யூன் பியோங்-இன்னும் மறக்கப்படுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாடம் அமைத்த இதோசுவின் பெயரே கூடங்களில் சொல்லப்படுவதில்லை. 1980இல் வடகொரியாவுக்கு டேக்வாண்டோவைக் கொண்டுபோனதற்காகச் சோய் ஹோங்-ஹியின் பங்கு தெற்கில் நீண்டகாலம் ஒதுக்கப்பட்டது. சோயின் அமைப்போ குவான் நிறுவனர்களின் பங்கைச் சுருக்கிச் சொன்னது. எல்லாம் பழங்காலத்திலேயே முடிந்துவிட்டது என்ற கதை இருந்தால்தான் இப்படி உண்மை மனிதர்களை எளிதாக அழிக்க முடியும்.

உண்மையைச் சொன்னால் மாணவருக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. ஒரு பாடம் தெய்வீகமானது, தொன்மையானது என்று நம்பும் ஆசிரியர் அதைத் திருத்த அஞ்சுவார்; முழங்கால் வலிக்கும் மாணவரைக் குறை சொல்வாரே தவிர, பாடத்தைக் குறை சொல்ல மாட்டார். தேகுக் ஒன்றை அமைத்தவர்கள் தங்களுக்கு முன்னிருந்த பால்குவேயை ஐந்தே ஆண்டுகளில் ஒதுக்கிவைத்தார்கள் என்று தெரிந்த ஆசிரியர், தம் முன் நிற்கும் மனிதருக்கு ஏற்ப எண்ணிப்பார்க்கும் உரிமை தமக்கும் இருக்கிறது என்று உணர்வார். இதோசு சிறுவர்களுக்காகவும், சோய் சிப்பாய்களுக்காகவும், 1970களின் குழுவினர் யார் வந்தாலும் கற்கட்டும் என்றும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஒன்றும் அறியாதவர் முதலில் எதைக் கற்க வேண்டும்? அந்தக் கேள்வியை விடாமல் கேட்டதுதான் டேக்வாண்டோவின் உண்மையான மரபு. முதல் நாள் வகுப்பில் பழமையைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் ஐந்து நிமிடத்தை ஆசிரியர்கள் இதைச் சொல்லச் செலவிடட்டும்: நீங்கள் இன்று செய்யப்போகும் தடுப்பை, தோற்றுப்போன, பிரிக்கப்பட்ட, போரில் எரிந்த ஒரு நாட்டின் இளைஞர்கள், கிடைத்ததை எடுத்துத் திருத்தி, உங்களைப் போன்ற அறிமுகமற்றவர்களுக்காக அமைத்தார்கள். அந்த உழைப்பின் பலன், அதற்கு முன் எவ்வளவு காலம் கடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மரியாதைக்குரியது.